பின்காலுக்குப் பாதி பாரம்: ஓவேலிப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



சூண்டியிலும் ஆரோட்டுப்பாறையிலும் எல்லமலையிலும் பெரியசோலையிலும் பார்வுட்டிலும் விடிந்ததும் ரோட்டில் ஓடிப் பழகி, பட்டாளத்து ஆள்சேர்ப்புக்கு உடம்பைத் தயார் செய்துகொண்டிருக்கும் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். பையன்களோடு சேர்ந்து ஓடும் பெண்பிள்ளைகளே, உங்களுக்கும்தான்.

உங்களில் பலர் செல்போனில் ஒரே மாதிரியான காட்சியைக் காட்டிக் கேட்கிறீர்கள். வெள்ளைச் சரிவில் ஒருவர் சறுக்கி வருகிறார். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். பின்காலின் முழங்கால் சறுக்குப் பலகையைத் தொடப்போவதுபோல் தாழ்கிறது, குதிகால் மேலே எழுந்து நிற்கிறது. அப்படியே வளைந்து, கால் மாற்றி, மறுபக்கம் வளைகிறார். ‘அண்ணே, இது என்ன ஸ்டைல், நாங்க பழக முடியுமா?’ என்கிறீர்கள். இதற்கு டெலிமார்க் என்று பெயர். தாராளமாகப் பழகலாம். ஆனால் மைதானத்தில் நீங்கள் அதைச் செய்துகாட்டும்போது நான் பார்க்கிறேன். அந்த நிலையில் பனியில் நின்றால் முதல் வளைவிலேயே விழுவீர்கள். ஆளுக்கு ஆள் நின்று சொல்வதைவிட ஒருமுறை முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீங்கள் செய்வது இதுதான். முன்காலை நீளமாக எடுத்து வைத்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டுவிடுகிறீர்கள். பின்கால் சும்மா இழுபட்டு வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் டெலிமார்க் மாதிரிதான் தெரியும், ஆனால் வேலை செய்வது ஒற்றைக் கால். டெலிமார்க்கின் உயிரே பின்காலில் இருக்கிறது. உடம்பின் பாரத்தில் ஏறக்குறையப் பாதியை அந்தக் கால் சுமந்தே ஆகவேண்டும். அழகாக மண்டி மடக்குவது தானாக வந்துசேரும். பாரத்தைப் பின்காலுக்குக் கொடுப்பதுதான் பழக்கத்தால் மட்டுமே வரும்.

ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒலிம்பிக்கில் சரிவில் பாய்ந்து இறங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய பூட்ஸ் முன்னாலும் பின்னாலும் பலகையோடு பூட்டப்பட்டிருக்கும். குதிகால் அசையாது. முன்னால் கொஞ்சம் சாய்ந்தாலும் பலகை தாங்கிக்கொள்ளும். டெலிமார்க்கில் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் கட்டு விரல்பக்கம் மட்டும்தான். குதிகால் தளையில்லாமல் எழும்பும். அதனால் ஒரே பலகையில் மேடு ஏறலாம், சமதரையில் நடக்கலாம், சரிவில் இறங்கலாம். ஆனால் இரண்டு காலையும் பக்கம்பக்கமாக வைத்து நின்றுகொண்டு முன்னால் சாய்ந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, முகம் நேராகப் பனியில்தான் போய் மோதும். ஆகவே கால்களை முன்பின்னாகப் பிரித்து, நீளவாக்கில் நாமே ஒரு தாங்குதளத்தை உண்டாக்கிக்கொள்கிறோம். இரண்டு பலகைகளும் சேர்ந்து ஒரே நீண்ட வளைவாக நடந்துகொள்ள வேண்டும். பின்பலகையில் பாரம் இல்லையென்றால் அந்த வளைவு பாதியில் முறிந்துவிடும். பின்பலகை தன் போக்கில் அலையும், முன்பலகையின்மேல் ஏறும், அத்தோடு விழுந்தீர்கள்.

இப்போது நிலையைச் சொல்கிறேன். மெதுவாகப் படியுங்கள், எழுந்து நின்று செய்துபாருங்கள்.

இடப்பக்கம் திரும்புவதானால் வலக்கால் முன்னால் வரவேண்டும். வலப்பக்கம் திரும்புவதானால் இடக்கால். வளைவின் வெளிப்பக்கத்துக் கால் எப்போதும் முன்னே, உட்பக்கத்துக் கால் பின்னே. பக்கவாட்டில் இரண்டு பாதங்களுக்கும் இடையே இடுப்பு அகலம் இருக்கட்டும். கயிற்றின்மேல் நிற்பவன் மாதிரி ஒரே கோட்டில் வைத்தால் ஆடிப்போவீர்கள். முன்பின்னாக, பழகும் காலத்தில் ஒரு பூட்ஸ் நீளத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். கால்களை எவ்வளவு நீளமாகப் பிரிக்கிறீர்களோ அவ்வளவு தூரம் பின்கால் உடம்பைவிட்டு விலகும், அதற்குப் பாரம் போகாது. வீடியோவில் தெரியும் ஆழமான மண்டியைக் கண்டு மயங்க வேண்டாம். தேர்ந்தவர்கள் வேகத்தில், ஆழமான பனியில், தேவைப்படும்போது அப்படித் தாழ்கிறார்கள். எல்லா வளைவிலும் தாழ்ந்தே கிடந்தால் தொடை நாலு வளைவில் தீர்ந்துபோகும்.

முன்பாதம் முழுவதும் தரையில் பதியட்டும், குதிகாலும் சேர்த்து. முன்முழங்கால் மடங்கும், ஆனால் கால்விரலைத் தாண்டி வெளியே போகக் கூடாது. பின்காலில் பாரம் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் அகன்ற பகுதியில் விழவேண்டும், விரல் நுனியில் அல்ல. பின்முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே இருக்கட்டும். அது இடுப்புக்குப் பின்னால் போய்விட்டதென்றால் கால் இழுபடுகிறது என்று அர்த்தம். இடுப்பு இரண்டு பாதங்களுக்கும் நடுவில். நெஞ்சு நிமிர்ந்திருக்கட்டும், சரிவு இறங்கும் திசையைப் பார்க்கட்டும். கைகள் இரண்டும் இடுப்புக்கு முன்னால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் உடம்பு போகும், அதனால் பலகையின் நுனியைப் பார்க்காதீர்கள்.

பலகையின் விளிம்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வளைவில் முன்பலகை பெருவிரல் பக்க விளிம்பில் பனியைக் கடிக்கும். பின்பலகை சுண்டுவிரல் பக்க விளிம்பில் கடிக்கவேண்டும். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இந்தச் சுண்டுவிரலைத்தான். பிறந்ததிலிருந்து யாரும் நம்மைச் சுண்டுவிரலில் பாரம் வைத்து நிற்கச் சொன்னதில்லை. பின்முழங்காலை வளைவின் உட்பக்கமாகச் சாய்த்தால் சுண்டுவிரல் தானாக வேலைக்கு வரும்.

உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இந்த நிலையில் நின்றுகொண்டே முன்காலைச் சற்றே தூக்குங்கள். உடம்பு பெரிதாக ஆடாமல் தூக்க முடிந்தால் பின்கால் தன் பங்கைச் சுமக்கிறது. தூக்கவே முடியாமல் முன்னுக்குச் சரிகிறீர்களா, அப்படியானால் நீங்கள் இதுவரை ஒற்றைக் காலில்தான் நின்றுகொண்டிருந்தீர்கள்.

பின்காலைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லும்போது, ஓவேலியில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை என்றும் சொல்லியாகவேண்டும். உங்கள் அம்மாக்கள் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து, செங்குத்தான தேயிலைக் காட்டிலிருந்து நிறுவை நடக்கும் இடத்துக்கு இறங்கும்போது காலை மட்டும் கவனியுங்கள். முன்பாதம் கீழே போய் இடம் தேடும். அது உறுதியாகப் பதியும்வரை உடம்பும் மூட்டையும் பின்காலில்தான் இருக்கும். பின்முழங்கால் மெல்ல மடங்கும், குதிகால் எழும், விரல்களுக்குப் பின்னாலுள்ள அகன்ற பகுதியின் அழுத்தத்தில் அந்தக் கால் முழுப் பாரத்தையும் இறக்கிக் கொடுக்கும். இறக்கத்தில் உடம்பைக் கீழே இறக்குவது எப்போதும் பின்கால்தான். முன்கால் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். முன்காலை நம்பி விழுந்தடித்து இறங்குகிறவன் மழைக்காலத்தில் ஈர மண்ணில் உட்கார்ந்துவிடுவான். சமவெளியில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய இந்தச் சங்கதி உங்கள் தொடையில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ஓடிப் பழகுகிறபோது நீங்கள் இதை மறந்துவிடுகிறீர்கள். ஆள்சேர்ப்புக்கு 1,600 மீட்டர் ஓடும் பயிற்சி முன்னால் தள்ளும் பயிற்சி. சறுக்குக்கு வேண்டியது இறக்கித் தாங்கும் பயிற்சி.

அடுத்தது கால் மாற்றுவது. ஒரு வளைவு முடிந்து மறு வளைவு தொடங்கும் இடத்தில் முன்கால் பின்னாகவும் பின்கால் முன்னாகவும் வரவேண்டும். நீங்கள் மைதானத்தில் குதித்து மாற்றுகிறீர்கள். வேண்டாம். குதிக்கும் அந்த நொடியில் இரண்டு பலகையிலும் பாரம் இருக்காது, பனி உங்களைக் கேட்காமலே திருப்பிவிடும். தாழ்ந்த நிலையிலிருந்து மெல்ல எழுங்கள். இரண்டு பாதமும் ஒன்றையொன்று கடக்கும்போது உடம்பு நிமிர்ந்திருக்கும். அதே நேரத்தில் பலகைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் புரளும். பிறகு மெல்லத் தாழுங்கள். பின்னால் போகவேண்டிய காலை நீங்களே பின்னுக்கு இழுத்து வையுங்கள். முன்காலை முன்னே எட்டிப் போடுகிறவனுக்கு உடம்பு பின்தங்கிவிடும். காலைப் பின்னுக்கு இழுக்கிறவனுக்கு அந்தக் கால் உடம்புக்கு அடியிலேயே இருக்கும். இந்த ஒரு மாற்றத்தால் நிமிர்ந்துவிட்டவர்களை நான் காஷ்மீரின் குல்மார்க்கில் பார்த்திருக்கிறேன்.

மாற்றுவது ஒரே சீராக, வளைவு முழுக்க நீண்டு நடக்கவேண்டும். பட்டென்று காலை மாற்றிவிட்டு, சிலைபோல் அப்படியே உறைந்து, வளைவு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் நிறையப்பேர். உறைந்துபோன காலால் மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்ள முடியாது. கையில் பிடிக்கும் சறுக்குக் கோலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கால்கள் கடக்கும் நேரத்தில் சரிவுப் பக்கத்துக் கோலை லேசாகத் தொட்டுவிட்டு எடுங்கள், அது தாளம் கொடுக்கும்.

இந்தத் திருப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. நார்வேயில் டெலிமார்க் என்பது ஒரு வட்டாரத்தின் பெயர். அங்கே மோர்கேடல் என்ற ஊரில் 1825இல் பிறந்தவர் சோண்ட்ரே நோர்ஹெய்ம். பிறர் நிலத்தில் குடியிருந்து உழைத்த ஏழைக் குடும்பம். 1969ஆம் ஆண்டு ஜென்ம நிலச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் வீடு மாட்டிக்கொண்டு, பட்டாவுக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. அவர் வளாரை முறுக்கி, குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் ஒரு கட்டைச் செய்தார். பாதம் பலகையைவிட்டு நழுவாது, ஆனால் குதிகால் எழும். பலகையின் இடைப்பகுதியைக் குறுக்கினார், அது வளைவதற்கு வாகாக இருந்தது. 1868இல் இன்றைய ஓஸ்லோவில் நடந்த போட்டிக்கு மோர்கேடலிலிருந்து சறுக்கிக்கொண்டே போய், நாற்பது வயதைத் தாண்டிய நிலையில் ஜெயித்தார். 1884இல் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர், 1897இல் வட டக்கோட்டாவில் இறந்தார். 1952 ஓஸ்லோ ஒலிம்பிக்குக்கான சுடரை அவர் பிறந்த வீட்டின் அடுப்பங்கரையில்தான் ஏற்றினார்கள். 1960இலும் அப்படியே செய்தார்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவரின் வீட்டு அடுப்பு அது.

பிறகு ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் குதிகாலைப் பூட்டினார்கள். அங்கே சரிவு செங்குத்து, பனி கடினம், பூட்டியதில் நியாயம் உண்டு. இந்தக் கதையில் நம் பக்கத்து நூலும் ஓடுகிறது. கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் போட்டியை இன்றைய வடிவில் 1922இல் சுவிட்சர்லாந்தின் மூரன் ஊரில் நடத்திக்காட்டியவர் ஆர்னால்ட் லன். அவர் 1888இல் பிறந்தது சென்னையில். அவர் 1911இல் தொடங்கிவைத்த சரிவோட்டப் பந்தயத்தின் கோப்பைக்குப் பெயர் கொடுத்தவர் கந்தகார் ராபர்ட்ஸ் பிரபு. ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். அந்தக் கந்தகார் பெயரே பின்னால் ஒரு கட்டுக்கும் வந்தது. குதிகாலைச் சுற்றிய கம்பி வடத்தைப் பக்கக் கொக்கிகளில் மாட்டினால் குதிகால் பலகையோடு ஒட்டும், கழற்றினால் எழும். அதன்பிறகு பூட்டிய குதிகாலே உலக வழக்கமாகி, டெலிமார்க் கிட்டத்தட்ட மறைந்துபோனது. 1970களில் அமெரிக்காவில் கொலராடோ பக்கம் மலையேறிகள் மீட்டெடுத்தார்கள். இன்று அதற்கென்று உலகக் கோப்பைப் போட்டிகள் நடக்கின்றன. தாவி இறங்கும்போது கால் பிரிந்த நிலையில் இறங்காவிட்டால் நேரத்தில் தண்டனை உண்டு. ஒலிம்பிக்கில் தனி ஆட்டமாக அது இல்லை. ஆனால் ஸ்கீ தாவலில் பறந்து வருகிறவர் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக இறங்குகிறாரே, அதற்கும் டெலிமார்க் என்றுதான் பெயர். அப்படி இறங்காவிட்டால் நடுவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள்.

இந்தியாவுக்கு வருகிறேன். 1948 நவம்பர் 1ஆம் தேதி ஜோஜிலா கணவாயில், யாரும் எதிர்பார்க்காத உயரத்துக்கு டாங்கிகளை ஏற்றிப் போரை நடத்திய தளபதி கே.எஸ். திம்மையா. பனியில் நடக்கவும் சறுக்கவும் தெரியாத வீரர்களை வைத்துக்கொண்டு மலையைக் காக்க முடியாது என்பதை அவர் கண்ணால் கண்டவர். அந்த டிசம்பரிலேயே குல்மார்க்கில் தன் டிவிஷனுக்காக ஒரு ஸ்கீ பள்ளியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1962இல் உயர்மலைப் போர்ப் பள்ளியாக உயர்த்தப்பட்டது. திம்மையா குடகுக்காரர், மடிக்கேரியில் பிறந்தவர். சின்ன வயதில் படித்தது நம் குன்னூர் செயின்ட் ஜோசப் பள்ளியில். நீலகிரியில் பள்ளிக்கூடம் போன ஒரு பிள்ளைதான் இந்தியப் படைக்கு அந்தப் பனிச்சறுக்குப் பள்ளியைக் கொண்டுவந்தது. இதைப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

‘பனியே இல்லாத ஊர்க்காரனுக்கு எதுக்குடா இது’ என்று உங்களைக் கேலி செய்கிறவர்களிடம் இன்னொன்றும் சொல்லலாம். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். குல்மார்க் புல்வெளி ஏறக்குறைய 2,650 மீட்டர். உயரத்தில் இரண்டும் ஒன்றுதான். பூமத்திய ரேகைக்கு நாம் பக்கத்தில் இருக்கிறோம், அதனால் நமக்கு ஊட்டியில் தை மாதத்து உறைபனியோடு சரி. குடகிலும் பனி கிடையாது. காபித் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா என்ற குடகுப் பெண் 2025இல் சிலி நாட்டில் நடந்த சர்வதேசப் போட்டியில் 5 கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ பிரிவில் வெண்கலம் வாங்கினார். கிராஸ் கன்ட்ரியில் கட்டு விரலில் மட்டும்தான், குதிகால் தளையில்லாமல் எழும். டெலிமார்க்கின் உடன்பிறப்பு அது. நம் நாட்டிலிருந்து குளிர்கால ஒலிம்பிக்குக்குக் கிராஸ் கன்ட்ரிக்குப் போனவர்களையும் பாருங்கள்: 2006இல் பகதூர் குப்தா, 2010இல் தாஷி லுண்டுப், 2014இல் நதீம் இக்பால், 2018இல் ஜக்தீஷ் சிங். எல்லோரும் வடக்கத்தி மலைக்காரர்கள். நம் மலைகளிலிருந்து இதுவரை ஒரு பெயரும் இல்லை.

என்ன பழகுவது என்று கேட்பீர்கள். ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், அதோடு இதைச் சேருங்கள். தேயிலைக் காட்டுப் பாதையில் இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் மனதுக்குள் மூன்று எண்ணி இறங்குங்கள். மூன்று எண்ணும்வரை பின்கால் தாங்கட்டும், முன்பாதம் சத்தமில்லாமல் பதியட்டும். புல்தரையில் வெறுங்காலோடு டெலிமார்க் நிலையில் நின்று, எழுந்து, காலைப் பின்னுக்கு இழுத்து மாற்றித் தாழுங்கள். தலை உயரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கவேண்டும், துள்ளக் கூடாது. ஒருவர் செய்யும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று பின்முழங்கால் இடுப்புக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பின்பாதத்தின் சுண்டுவிரல் ஓரத்தில் பாரம் வைத்து நிற்பதைத் தனியாகப் பழகுங்கள். தாங்கி இறக்கும் வேலை தசையை நீளவைத்துக்கொண்டே உழைக்க வைக்கும். வலி அன்று தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் தெரியும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். முதுகில் பாரம் வைத்துச் செய்வது கடைசியில்தான், நிலை சரியான பிறகு.

சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீ பற்றியும் கேட்டிருந்தீர்கள். கிராஸ் கன்ட்ரிக்காரர்கள் பனி இல்லாத மாதங்களில் உலகம் முழுக்க அதில்தான் பழகுகிறார்கள். நம் ரோட்டில் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. அதில் நிறுத்துவது கடினம், நம் ரோட்டில் சமதளம் நூறு மீட்டர்கூடக் கிடைக்காது, வளைவுக்கு அந்தப் பக்கம் ஜீப் வருகிறதா என்று தெரியாது. கிடைத்தால் பள்ளி மைதானம் மாதிரிச் சமமான இடத்தில், தலைக்கவசத்தோடு மட்டும். விடியலில் தனியாக எவரும் போகாதீர்கள். ஓவேலியில் யானை நடக்கும் நேரமும் அதுதான், எத்தனை வீடுகளில் அந்தத் துக்கம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வெளிச்சம் நன்றாக வந்தபிறகு, கூட்டமாகப் போங்கள்.

பட்டாளத்துக்குப் போகாமலும் பழக வழியிருக்கிறது. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஸ்கீ மற்றும் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. மணாலியில் வாஜ்பாய் பெயரிலுள்ள மலையேற்ற நிறுவனம் குளிர்காலத்தில் சோலாங் சரிவில் பயிற்சி தருகிறது. உத்தராகண்டில் ஔலி இருக்கிறது. அடிப்படைப் பயிற்சி இங்கெல்லாம் பூட்டிய குதிகாலில்தான். ‘எனக்கு டெலிமார்க்தான் வேண்டும்’ என்று அடம்பிடிக்காதீர்கள். விளிம்பைப் பிடிப்பது, பக்கவாட்டில் வழுக்கி இறங்குவது, நினைத்த இடத்தில் நிற்பது, விழுந்தால் எழுவது இவையெல்லாம் இரண்டுக்கும் பொது. முதலில் அதைக் கற்றுவிட்டு வந்து குதிகாலை அவிழ்ப்பவர்களுக்கு டெலிமார்க் சீக்கிரம் கைவரும். பூட்ஸ் தருகிற இடத்தில் கூச்சப்படாமல் நாலு ஜோடி போட்டுப் பார்த்து எடுங்கள். குதிகால் உள்ளே தளர்ந்து ஏறியிறங்கும் பூட்ஸில் எந்த நிலையும் நிற்காது.

டெலிமார்க்கில் பின்முழங்கால் தரைக்கு மிக அருகே போகும். பனிக்கு அடியில் பாறையும் மரக்கட்டையும் இருக்கும். முழங்கால் காப்பு இல்லாமல் இறங்காதீர்கள். விழுந்தால் பூட்ஸைத் தானாக விடுவிக்கும் வசதி பூட்டிய கட்டுகளில் உண்டு. டெலிமார்க் கட்டுகள் பலவற்றில் அது கிடையாது. முறுக்கு முழுவதும் உங்கள் முழங்காலுக்குத்தான் வரும். பனிச்சரிவில் மாட்டினால் கழலாத பலகை ஆளைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் குல்மார்க்கின் அபர்வத் மலையில் பனி சரிந்து, சறுக்கப் போயிருந்த போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். சறுக்குமிடத்தின் எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வழிகாட்டி இல்லாமல் ஓர் அடியும் வைக்கக் கூடாது. எவ்வளவு தேர்ந்தவருக்கும் இதுதான் விதி.

2016 பிப்ரவரி 3ஆம் தேதியை உங்களில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். சியாச்சினில் சோனம் காவல்முனையில் பனிமலை இடிந்து விழுந்து, நம் வெலிங்டனைத் தாய்வீடாகக் கொண்ட மதராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் மூடப்பட்டார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறு நாளுக்குப் பிறகு உயிரோடு எடுக்கப்பட்டு, 11ஆம் தேதி டெல்லியில் இறந்தார். எந்தப் பயிற்சியும் அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது. நீங்கள் போக விரும்பும் வேலை எப்படிப்பட்ட இடத்துக்கு உங்களைக் கொண்டுபோகும் என்பதை உங்கள் வீட்டாரும் அறிந்து சம்மதிக்கட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பட்டாளத்தில் உங்களிடம் கேட்கப்போவது அழகான வளைவு அல்ல. முதுகில் சுமையோடு, களைத்த கால்களோடு, வெளிச்சம் மங்கியபிறகும் விழாமல் இறங்கி வருவது. அப்படி இறங்கிவரத் தாங்கும் பின்கால் வேண்டும்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தால் ‘இதெல்லாம் எதுக்கு’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். தேயிலைக் காட்டில் சரிவேறி இறங்கும் தொடை வலு நம் வீடுகளில் பெண்களிடம்தான் அதிகம். இந்த விளையாட்டில் அது நேரடியாகப் பயன்படும். கூடலூர்ப் பக்கத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு வகுப்பையாவது சரிவில் இறங்கும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். கருவி எதுவும் வேண்டாம், மேடு ஒன்று போதும். அது நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்திடம் நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு மனு கொடுப்போம். குல்மார்க்குக்கோ மணாலிக்கோ அடிப்படைப் பயிற்சிக்குப் போகும் மலைப்பிள்ளைகளுக்கு ரயில் செலவையும் கட்டணத்தையும் ஏற்க வேண்டும் என்று கேட்போம். மனுவை நான் எழுதித் தருகிறேன், கையெழுத்துகளை நீங்கள் திரட்டுங்கள்.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு, வெயில் வந்தபிறகு, சூண்டி மைதானத்துக்கு வாருங்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புல்தரையில் பின்காலிலிருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்
ஓவேலி